நீட்டிய கை
நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை



ஓய்வுநாளில் ஜெபாலயத்திலே சூம்பின கையை உடைய ஒருவனை இயேசு சுகமாக்கினார். லூக்கா மட்டும் அது வலது கை என்கிறார். வைத்தியரல்லவா, உழைக்கும் கை எதுவென்று கவனித்திருக்கிறார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிசெய்த டொக்டர் போல் பிராண்ட், 1947இல் செங்கல்பட்டுத் தொழுநோய் வைத்தியசாலைக்குப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தம் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் அவருக்கு வலித்தது! செத்த கையென்று எல்லோரும் கைவிட்டதில் பலம் மிச்சமிருந்தது. நல்ல தசையின் நாணை மாற்றிப் பொருத்தி விரல்களை இயங்க வைக்கும் சத்திரசிகிச்சைக்கு அந்தப் பிடிதான் வழிகாட்டியது. ஆனால் நிமிர்ந்த கைக்கு முன்போலப் பிச்சை விழவில்லை. ஆகவே தச்சுவேலையும் பழக்கினார்கள். மருத்துவம் படிக்குமுன் அவரே கட்டட வேலை பழகியவர்.

வன்னியில் போரிலே கை இழந்தவர்களை நாம் அறிவோம். முகமாலையில் முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்டிக் கண்ணிவெடி அகற்றிய பெண்களின் கைகளையும் அறிவோம். இவர்களுக்கு நாம் அனுப்பும் உலருணவுப் பொதிகள் நல்லவையே. ஆனால் பொதி முடிந்ததும் அடுத்த பொதிக்குத்தான் கை நீளும்.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளே, அடுத்த விடுமுறையில் ஒரு கிழமை கிளிநொச்சியில் நில்லுங்கள். தையலோ, கணக்குப் பதிவோ, தாதிமையோ, உங்கள் கைக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் இருந்து பழக்குங்கள். சங்கத்தின் வங்கிக் கணக்கு இலக்கத்தைப் பிறகு தருகிறோம்.