காட்டுப்பள்ளி: ஓர் ஊரின் பூகோளமும் சரித்திரமும்

(கடலோரக் கிராமங்கள் பற்றிய படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு பல தேசங்களைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். இன்று நம் பக்கத்திலேயே உள்ள ஒரு சிறிய ஊரைப் படிப்போம். சென்னைக் கோட்டைக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி தாலுகாவில் இருக்கிறது காட்டுப்பள்ளி.

சர்க்கார் தஸ்தாவேஜில் புறம்போக்கு என்றும் தரிசு என்றும் ஓர் இடத்தை எழுதிவிட்டால், அங்கே உழைப்பே நடக்கவில்லை என்று படித்தவர்கள்கூட நினைத்துவிடுகிறார்கள். மணலும் சேறும் உப்புத் தண்ணீரும் யாருக்கு உபயோகம் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குக் காட்டுப்பள்ளி பதில் சொல்லும்.

மண்ணும் நீரும்

ஊரின் கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும். தெற்கே எண்ணூர் முகத்துவாரம். வடக்கே பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உப்புநீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி அதுதான். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கடலுக்கும் கழிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டில்தான் காட்டுப்பள்ளி இருக்கிறது.

ஐப்பசி கார்த்திகை மழையில் ஆற்று நீர் பாய்ந்து, கழியின் உப்பு குறையும், முகத்துவாரம் அகலும். கோடையில் நீர் வற்றி உப்பு ஏறும். மணல் சேர்ந்து முகத்துவாரம் குறுகும். கடலில் பொரித்த இறால் குஞ்சு இந்த வாய் வழியாகத்தான் கழிக்குள் வருகிறது. சேற்றிலும் அலையாத்திச் செடிகளின் வேரடியிலும் வளர்ந்து மீண்டும் கடலுக்குப் போகிறது. ஆகவே கழியைக் கெடுத்தால் கழியில் வலை போடுகிறவன் மட்டுமல்ல, கடலில் வலை போடுகிறவனும் நஷ்டப்படுகிறான்.

நிலத்தடியிலும் ஒரு கணக்கு உண்டு. 1969 முதல் மீஞ்சூர் வட்டாரக் கிணறுகளிலிருந்து நகரத்துக்கும் ஆலைகளுக்கும் அளவுமீறி நன்னீர் இறைத்தார்கள். கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. பிறகு 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து தினமும் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்தது. முதலில் நன்னீரை உப்பாக்கினோம். பிறகு செலவு செய்து உப்பு நீரை நன்னீராக்குகிறோம்!

வந்தவர்களும் வெட்டியவர்களும்

இந்தக் கரையை அந்நியர்கள் அறிந்து 500 ஆண்டுகள் ஆகின்றன. போர்த்துக்கீசியருக்குப் பின் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். இங்கே நெசவாளர் நெய்த துணியைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய், வாசனைச் சரக்குகளை வாங்கினார்கள். துணி மட்டுமா போயிற்று? 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கான மனிதர்களும் அடிமைகளாகப் பட்டேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். கோட்டைச் சுவரும் டச்சுக் கல்லறைகளும் புத்தகங்களில் இடம்பெறுகின்றன. கப்பலில் போனவர்களுக்குக் கல்லறையும் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் கால்வாய் வந்தது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டினார்கள். பின்னர் வடக்கே நீட்டினார்கள். 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், அரை வயிற்றுக் கூலிக்குப் பட்டினி ஜனங்களை நிறுத்தி, சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். கால்வாய்க்குப் பெயர் கிடைத்தது கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு!

பாடு

ஏரியிலும் கழியிலும் யார் எங்கே வலை போடுவது? சட்டப் புத்தகம் வருவதற்கு முன்பே மீனவர்கள் இதற்கு விதி வகுத்திருந்தார்கள். பழவேற்காட்டுப் பகுதியில் அதைப் 'பாடு' என்பார்கள். நல்ல இடமும் உண்டு, மீன் குறைந்த இடமும் உண்டு. இன்று ஒருவனுக்குக் கிடைத்த நல்ல இடம் நாளை அடுத்தவனுக்கு. முறை வைத்து மாறும். உரிமையைத் தலைக்கட்டுக் கணக்கில் எண்ணுவார்கள். நீருக்கு வேலி கிடையாது. நீரில் யாருக்கும் தனிச் சொத்தும் கிடையாது.

அதற்காக இதைக் குறையில்லாத ஏற்பாடு என்று நாம் சொல்லவில்லை. பாடு உரிமை சில குப்பங்களுக்கும் ஒரே சாதிக்கும் ஆண்களுக்குமே உரியதாக இருந்தது. சேற்று நீரில் உட்கார்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பழைய முறையின் பங்கீட்டைக் காக்க வேண்டும். அதன் வாசலை அகலத் திறக்கவும் வேண்டும்.

துறைமுகங்கள்

1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. சாம்பல் கழியில் இறங்கியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம். அதற்கு வடக்கே 2010களின் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் வந்தன. கடலோரத்திலிருந்த குப்பம் இடம்பெயர்ந்தது. குப்பத்தார் பலருக்கு வேலை கொடுத்தார்கள். ஆனால் ஒப்பந்த வேலை. அதை நிரந்தரமாக்கச் சொல்லி அவர்கள் பலமுறை போராடினார்கள்.

இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் கற்சுவர் நீட்டினால் தெற்கே மணல் குவியும். வடக்கே கரை அரிக்கும். 1876இல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கிய பின் தெற்கே மெரினா அகன்றதையும், வடக்கே ராயபுரம் கரை அரிக்கப்பட்டதையும் நாம் அறிவோம். காட்டுப்பள்ளிக்கு வடக்கே மணல்திட்டு அரிக்கப்பட்டால், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே என்ன மிஞ்சும்?

2018இல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. 330 ஏக்கர் துறைமுகத்தைச் சுமார் 6,110 ஏக்கராக்கும் திட்டம் வந்தது. அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து உண்டாக்க வேண்டியது. மீனவரும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். 2021 ஜனவரி 22இல் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டமும், 2023 செப்டம்பர் 5இல் நடக்கவிருந்த கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழியில் பரவி, படகையும் வலையையும் மீனையும் பாழாக்கியது.

துறைமுகமே வேண்டாம், மின்சாரமே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். லாபம் ஒருவனுக்கும் நஷ்டம் ஊருக்கும் என்ற கணக்கைத்தான் மறுக்கிறோம்.

என்ன செய்வது?

2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மீன்பிடிப் பகுதிகளையும் மீன் குஞ்சு பொரிக்கும் இடங்களையும் படத்தில் குறிக்கச் சொன்னது. அந்தப் படத்தை அதிகாரி வந்து வரைவார் என்று நாம் காத்திருக்கலாமா? பாடு எங்கே, படகு கட்டும் இடம் எங்கே, வலை உலர்த்தும் மணல் எது, இருளர் இறால் தடவும் சேறு எது, இறால் எந்த மாதம் உள்ளே வருகிறது என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் தெரியும். இளைஞர்கள் நோட்டுப் புத்தகத்தோடு குப்பம் குப்பமாகப் போய்க் கேட்டு எழுதட்டும். ஒவ்வொரு இடத்துக்கும் அதன் பெயரையும், அங்கே உழைப்பவர் யார் என்பதையும் குறிக்கட்டும். அந்தப் படத்தைக் கிராமசபையில் வைத்துத் தீர்மானமாக்குவோம். அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது வந்தாலும், அதைக் கையில் ஏந்திப் போவோம்.

இங்கே வெறுமையான இடம் ஒரு சாண்கூட இல்லை என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்!