முதியோர் இல்லங்களின் தரத்தை அறியும் வகை
(மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தள்ளாத வயதினரைப் பிறர் பராமரிப்பில் விடுங்கால், அப்பராமரிப்பின் தரத்தை எங்ஙனம் அறிவது என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம். பெற்றோரை இல்லத்தில் விடலாமா, விடலாகாதா என்னும் வாதத்தில் நான் புகவில்லை. மக்கள் தூரதேசங்களில் உத்தியோகம் பார்க்க, தாய் படுக்கையிற் கிடக்கும் குடும்பங்கள் நம்மிற் பல. விட்டே தீரவேண்டியவர்க்கு எவ்விடத்தில் விடுவது என்பதே கேள்வி.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தையாரை ஓர் இல்லத்திற் சேர்த்தேன். பளிங்குத் தரையையும் பூந்தொட்டிகளையும் பூஜையறையையும் கண்டு மயங்கினேன். ஞாயிறுதோறும் முன்னரே தகவல் தந்து செல்வேன். தலைவாரி, வெள்ளைச் சேலையுடுத்தி, அவரை நாற்காலியில் அமர்த்தியிருப்பார்கள். ஐந்தாம் மாதம் சொல்லாமல் ஓரிரவு சென்றபோதுதான், இடுப்பின் பின்புறத்தில் உள்ளங்கையகலப் படுக்கைப்புண் இருப்பதைக் கண்டேன். நாற்பது பேருக்கு அன்றிரவு இருந்த பணிப்பெண் ஒருத்தியே. அவள்மீது குற்றமில்லை, பார்க்கத் தெரியாத என் கண்ணின்மீதே குற்றம்.

பெய்ரூத்திற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த வைத்திய அறிஞர் அவெதிஸ் டொனபீடியன், 1966-ல் எழுதிய கட்டுரையொன்றில், சிகிச்சையின் தரத்தை அமைப்பு, செயல்முறை, பலன் என்னும் மூன்று வழிகளில் ஆராயலாம் என்று காட்டினார். கட்டிடமும் ஆட்களும் அமைப்பு. அவர்கள் செய்யும் பணி செயல்முறை. முதியவரின் தேகமும் மனமும் அடையும் நிலை பலன். நான் கண்டது முதலாவதிற் பாதி மாத்திரமே.

அமெரிக்காவின் அனுபவம் நமக்குப் பாடமாகும். அங்கே 1987-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அரசாங்க உதவிப்பணம் பெறும் இல்லங்களை முன்னறிவிப்பின்றி, 15 மாதங்களுக்கு ஒரு முறையேனும் சோதித்தல் வேண்டும். 2008 முதல் சோதனை முடிவு, ஊழியர் அளவு, பலன்கள் ஆகிய மூன்றையும் கொண்டு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இட்டனர். ஆயினும் தொடக்கத்தில் ஊழியர் கணக்கை இல்லங்களே எழுதித் தந்தன. தன் மதிப்பெண்ணைத் தானே இடும் மாணாக்கன் தோல்வியுறுவானோ? 2016-ல்தான் சம்பளப் பட்டியலின்படி கணக்குக் கேட்கத் தொடங்கினர்.

நமது நாட்டில் 2007-ம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் மாவட்டந்தோறும் அமைப்பது பற்றிக் கூறுகின்றது. எனினும் எந்தச் சட்டமும் உற்றாரின் கண்ணுக்கு ஈடாகாது. அக்கண் பார்க்கவேண்டியவை ஐந்து.

ஒன்று, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர். அவர்கள் எத்தனை காலமாக அங்கு நிலைத்திருக்கின்றனர் என்பது.

இரண்டு, தோல். அசைய இயலாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது வழக்கம். குதிகாலையும் இடுப்பையும் நேரிற் பாருங்கள்.

மூன்று, எடை. ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், அதாவது 50 கிலோ உள்ளவர் இரண்டரைக் கிலோ இளைத்தால், காரணம் கேட்டே ஆகவேண்டும்.

நான்கு, மருந்து. மறதிநோயுற்றவரை அடக்கிவைக்க மனநோய் மருந்து தருவதுண்டு. அம்மருந்துகளால் அத்தகைய முதியோரின் மரணம் மிகுகின்றதென்று 2005-ல் அமெரிக்க மருந்துத்துறை எச்சரித்தது. 'அம்மா சத்தமே போடுவதில்லை' என்றால் மகிழாதீர்கள். மருந்துச் சீட்டைக் கேளுங்கள்.

ஐந்து, பேச்சு. ஊழியர் இல்லாதபோது முதியவரிடம் தனியே பேசுங்கள். வாசலை நோக்கிக்கொண்டு பேசுவாராயின், அதுவே விடை.

ஒரு நியாயமும் சொல்லவேண்டும். கடும் நோயாளரை ஏற்கும் இல்லத்தில் மரணம் மிகுதியாகவே இருக்கும். அவர்களைத் தள்ளிவிடும் இல்லம் நல்லதுபோலத் தோன்றும். ஆதலின் பலனை மட்டும் எண்ணித் தீர்ப்பிடலாகாது.

ஒரே இல்லத்தில் முதியோரை விட்டுள்ள நம் குடும்பங்கள் ஒன்றுகூடி, வெவ்வேறு நாளில், வெவ்வேறு வேளையில், சொல்லாமற் சென்று, கண்டதைக் குறித்துவைக்கவேண்டுமென்பது என் பிரேரணை. அதை மறுக்கும் இல்லத்தில் யாரையும் விடவேண்டாம்.

அத்தையாரை வேறோர் இல்லத்திற்கு மாற்றினேன். சுண்ணாம்புச் சுவர், மண் முற்றம். நான்கு மாதத்தில் புண் ஆறிற்று.