வேலை செய்கிறதே, பிறகு ஏன் தவறு?

(குறுவளமையக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி ஆசிரியர் பேச எழுந்தால், "இது நமக்கான பேச்சு இல்லை" என்று பலர் கைப்பேசியை எடுத்துவிடுவது வழக்கம். எடுத்தால் தவறில்லை. இன்று நான் பேசப்போவதே அந்தக் கைப்பேசியில் இருக்கும் செயலிகளைப் பற்றித்தான். எந்தப் பாடம் நடத்துகிறவருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது என்று நம்புகிறேன்.

வகுப்பறையிலிருந்து தொடங்குகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவரின் மதிப்பெண்ணைச் சேமித்துவைக்கும் ஒரு சிறு நிரலை எழுதிக் காட்டினேன். மதிப்பெண்ணின் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டிருந்தேன். "இது உள்வேலைக்கு மட்டும், வெளியிலிருந்து தொடாதீர்கள்" என்று அதற்குப் பொருள். மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு மட்டும் தனியாக ஒரு செயற்கூறு கொடுத்திருந்தேன். ஒரு மாணவி அந்தப் பெயரைப் பைத்தான் உள்ளே எப்படி மாற்றி வைத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்து, நேராக உள்ளே போய் ஒரு மதிப்பெண்ணை மாற்றிவிட்டாள். நான் கண்டித்தேன். அவள் திரையைக் காட்டி, "வேலை செய்யுதே சார், அப்புறம் ஏன் தப்பு?" என்றாள்.

அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. காரணம், அதே தவறைச் சில ஆண்டுகளுக்கு முன் நானும் செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், தொடக்கப்பள்ளி நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நம் பள்ளியின் கால அட்டவணை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன்படி புதன்கிழமை மூன்றாம் பாடவேளை எனக்கு ஓய்வு என்றால், அது பள்ளி எனக்குச் சொன்ன சொல். மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே சொல்வார்கள். இன்னொன்றும் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை கடைசி வேளையில் அறிவியல் ஆய்வகம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். இது அட்டவணையில் இல்லை, நான் பார்த்துத் தெரிந்துகொண்டது. இதை நம்பி ஆண்டுவிழா ஒத்திகையை அங்கே வைத்துவிட்டேன். ஒரு வியாழக்கிழமை அங்கே செய்முறை வகுப்பு நடக்கிறது. யாரைக் குறை சொல்வது? யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லையே.

கைப்பேசியிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. ஒரு செயலி கேமராவைத் திறக்க வேண்டும், இருப்பிடத்தை அறிய வேண்டும், ஒலி எழுப்ப வேண்டும் என்றால், கைப்பேசியின் இயக்க அமைப்பிடம்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு முறை உண்டு. அதைத்தான் நிரலாக்க இடைமுகம், சுருக்கமாக ஏ.பி.ஐ. என்கிறார்கள். இயக்க அமைப்பை உருவாக்கும் நிறுவனம் இவற்றில் ஒரு பகுதியை ஆவணப்படுத்தி வெளியிடுகிறது. அது அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அட்டவணை. இன்னும் ஏராளமானவை அந்த நிறுவனத்தின் உள்வேலைக்கென்று ஆவணமில்லாமல் இருக்கின்றன. தேடினால் கண்டுபிடிக்கலாம், அழைத்தால் பதிலும் தரும். நாளைக்கும் தரும் என்று யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், இடைமுகம் வேறு, செயல்படுத்துதல் வேறு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. மாணவர்கள் அதை இரண்டு மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உலகத்தில் எவ்வளவு பெரிய வழக்குகள் நடந்திருக்கின்றன என்று சொன்னால், அது மனத்தில் நிற்கும்.

2008 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கான ஆப் ஸ்டோரைத் திறந்தது. அன்று அதில் சுமார் 500 செயலிகள் இருந்தன. வெளியிலுள்ள உருவாக்குநர்கள் செயலி எழுதலாம், ஆனால் ஆவணப்படுத்திய இடைமுகங்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. ஒவ்வொரு செயலியும் ஆப்பிளின் ஆய்வுக்குப் பிறகே கடைக்கு வரும்.

சில மாதங்களிலேயே ஒரு சோதனை வந்தது. அந்த நவம்பரில் கூகுள் தன் ஐபோன் செயலியில் குரல்வழித் தேடலைச் சேர்த்தது. போனைக் காதருகே கொண்டுபோனாலே அது கேட்கத் தொடங்கிவிடும். முகம் அருகில் வருவதை உணரும் உணரியைக் கொண்டு இதைச் செய்தார்கள். அந்த உணரியை வெளியார் இப்படிப் பயன்படுத்த அப்போது ஆவணப்படுத்திய வழி எதுவும் இல்லை. ஆவணமில்லாத இடைமுகத்தைப் பயன்படுத்தியதைக் கூகுளே ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்தச் செயலி கடையிலிருந்து நீக்கப்படவில்லை.

அடுத்த ஆண்டு, 2009 நவம்பரில், ஆப்பிள் செயலிகளை மென்பொருள் கொண்டே சோதிக்கத் தொடங்கியது. எந்தச் செயலி மறைவான இடைமுகத்தை அழைக்கிறது என்பது இப்போது தானாகவே பிடிபட்டுவிடும். பேஸ்புக்கின் ஐபோன் செயலியை எழுதிய ஜோ ஹெவிட், தன் நிரலின் ஒரு பகுதியை த்ரீ20 என்ற பெயரில் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டிருந்தார். அதற்குள் மறைவான அழைப்புகள் சில இருந்தன. அதை எடுத்துப் பயன்படுத்திய சிறு உருவாக்குநர்களின் செயலிகள் நிராகரிக்கப்பட்டன. தங்கள் செயலிக்குள் இப்படி ஒன்று இருப்பது அவர்களில் பலருக்கு அதற்குமுன் தெரியாது.

பெரிய நிறுவனத்தின் செயலி கடையில் இருந்தது, சிறியவர்களின் செயலி திரும்பி வந்தது. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் உடனே, "இது நியாயமா சார்?" என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செயலிகளை எந்த அளவுகோலால் ஆய்வு செய்கிறோம் என்ற வழிகாட்டு நெறிகளை ஆப்பிள் பொதுவில் வெளியிட்டது 2010 செப்டம்பரில்தான். அதாவது கடை திறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. தேர்வு முடிந்த பிறகு விடைக்குறிப்பை வெளியிடுவது நமக்குத் தெரியும். ஆனால் பாடத்திட்டத்தையே தேர்வுக்குப் பிறகு கொடுத்தால் எப்படி இருக்கும்?

அப்படியானால் இந்தக் கட்டுப்பாடே தேவையில்லையா என்றால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். 2015 அக்டோபரில் நடந்தது அதற்குச் சான்று. சீனாவைச் சேர்ந்த யூமி என்ற விளம்பர நிறுவனம், செயலிகளில் விளம்பரம் காட்டுவதற்கான ஒரு நிரல்தொகுப்பைக் கொடுத்துவந்தது. அந்தத் தொகுப்பு மறைவான இடைமுகங்கள் வழியாகப் பயனரின் மின்னஞ்சல் முகவரி, கருவியின் வரிசை எண், அதில் என்னென்ன செயலிகள் உள்ளன என்ற பட்டியல் ஆகியவற்றைத் திரட்டியது. ஆய்வில் சிக்காதபடி அந்த அழைப்புகளின் பெயர்களை உருமாற்றி வைத்திருந்தது. சோர்ஸ்டிஎன்ஏ என்ற ஆய்வு நிறுவனம் இப்படி 256 செயலிகளைக் கண்டறிந்தது. ஆப்பிள் அவற்றை நீக்கியது. செயலியை உருவாக்கியவர்களுக்கே இது தெரிந்திருக்காது என்றுதான் கண்டறிந்தவர்கள் கருதினார்கள். பின்கதவைத் திறந்து வைத்தால், நல்ல எண்ணத்தோடு வருகிறவர் மட்டும் அதில் நுழைவதில்லை.

ஆண்ட்ராய்டு பக்கம் வருவோம். இங்கே பல ஆண்டுகள் பிடி தளர்வாகவே இருந்தது. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 பதிப்பிலிருந்து, ஆவணமில்லாத இடைமுகங்களைக் கூகுள் படிப்படியாக மூடத் தொடங்கியது. இயக்க அமைப்பு மாறும்போதெல்லாம் செயலிகள் நின்றுபோகின்றன என்பது அதற்குச் சொன்ன காரணம். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்கவில்லை. எதை உடனே மூடுவது, எதற்குக் கொஞ்சக் காலம் அவகாசம் கொடுப்பது என்று பட்டியல் போட்டது. உங்கள் தேவைக்கு மாற்றுவழி இல்லையென்றால் எங்களிடம் கேளுங்கள், பொது இடைமுகமாகத் தர முடியுமா என்று பார்க்கிறோம் என்றும் சொன்னது. கதவை மூடுகிறவர், பக்கத்திலேயே மனு வாங்க ஒரு ஜன்னலும் வைத்தார். இந்த ஜன்னல்தான் இன்றைய என் பேச்சின் மையம்.

இப்போது என் கதை. நம் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கிடைத்துவந்த காலம். எங்கள் பள்ளியில் இணையம் கிடையாது. ஆசிரியரின் கைப்பேசியே ஹாட்ஸ்பாட்டை இயக்கி, மாணவர்களின் மடிக்கணினிகளுக்கு வினாடி வினாவை அனுப்பும்படி ஒரு செயலி எழுதினேன். ஹாட்ஸ்பாட்டைச் செயலியே இயக்க ஆவணத்தில் வழி இல்லை. இணையத்தில் யாரோ எழுதியிருந்த சில வரிகளை அப்படியே எடுத்துப் போட்டேன். அழகாக வேலை செய்தது. பக்கத்துப் பள்ளிகளுக்கும் கொடுத்தேன், பாராட்டும் கிடைத்தது.

ஓராண்டு கழித்து வேறொரு பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியை அழைத்தார். புதுக் கைப்பேசி வாங்கியிருந்தார். "சார், பட்டனை அழுத்தினா ஒண்ணுமே நடக்கல. பிள்ளைங்க எல்லாம் லேப்டாப்பைத் திறந்து வச்சிட்டு உட்கார்ந்திருக்காங்க" என்றார். திருப்புதல் தேர்வுக்கு முந்தைய நாள் அது. அந்த வகுப்பு வீணாயிற்று. புதிய பதிப்பில் அந்தப் பின்வழி அடைபட்டிருந்தது. பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, அதே பதிப்பில் இந்தத் தேவைக்கென்றே ஒரு பொதுவழி திறக்கப்பட்டிருந்தது. ஆவணத்தைப் படித்திருந்தால் முன்பே மாற்றியிருப்பேன். நான் வாக்குறுதி இல்லாத ஒன்றின் மேல் கட்டினேன். இழப்பு, என்னை நம்பிய ஒருவருடைய வகுப்புக்கு. தவறு எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது தவறில்லை. பார்த்ததை நம்பி, மற்றவர்களையும் அதில் ஏற்றிவிட்டதுதான் தவறு.

அதே சமயம், விதியை எழுதுகிறவருக்கும் கடமை உண்டு. கடைக்காரரே அந்தக் கடையில் போட்டியாளராகவும் இருக்கும்போது, தன் செயலிக்கு ஒரு வழி, பிறர் செயலிக்கு ஒரு வழி என்று வைத்துக்கொள்ள முடிகிறது. இந்தப் புகார் பழையது. ஆண்ட்ரூ ஷுல்மன் முதலியோர் 1992-இல் "அன்டாக்குமென்டட் விண்டோஸ்" என்ற நூலை எழுதியபோதே, மைக்ரோசாஃப்ட் தன் செயலிகளுக்கு மட்டும் தெரிந்த வழிகளை வைத்திருக்கிறதா என்ற விவாதம் சூடாக நடந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய டிஜிட்டல் சந்தைகள் சட்டம், தன் சேவைகளுக்குத் தரும் கருவி வசதிகளைப் பிறருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும் என்று பெரிய நிறுவனங்களுக்குக் கடமை விதிக்கிறது. ஆக, ஆவணத்தை மீறாதே என்று சொல்கிறவர், நியாயமான தேவையை ஆவணத்தில் சேர்க்கவும் வேண்டும்.

கூகுள் 2008-இல் மறைவழியில் பயன்படுத்திய அந்த உணரி என்னவாயிற்று தெரியுமா? 2009-இல் வந்த ஐபோன் இயக்க அமைப்பின் மூன்றாம் பதிப்பில், எல்லா உருவாக்குநர்களும் பயன்படுத்தும்படி அதற்குப் பொது இடைமுகம் வந்துவிட்டது. வெளியார் கேட்கும் தேவை நியாயமானதென்றால், அது ஒருநாள் அறிவிப்புப் பலகைக்கு வர வேண்டும்.

என் மாணவிக்கு இதையெல்லாம் மறுவாரம் சொன்னேன். உன் நிரல் இன்று வேலை செய்கிறது. நாளை நான் உள்ளே ஒரு பெயரை மாற்றினால் நின்றுவிடும், அப்போது நீ என்னைக் கேட்க முடியாது என்றேன். தலையாட்டினாள். பிறகு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "எதுக்கும்மா உள்ளே போய் மாத்தினே?"

"நீங்க தட்டச்சு செஞ்சதுல ஒரு மார்க் தப்பா இருந்துச்சு சார். 78-க்கு 87-னு போட்டிருந்தீங்க. திருத்துறதுக்கு வழியே வைக்கலையே" என்றாள்.

அவள் சொன்னது சரி. பார்க்க வழி வைத்தவன் திருத்த வழி வைக்கவில்லை. அன்றே மதிப்பெண்ணைத் திருத்தும் செயற்கூறு ஒன்றை எழுதிச் சேர்த்தோம். பூஜ்யத்துக்குக் கீழோ நூறுக்கு மேலோ ஏற்காதபடி அவளே ஒரு நிபந்தனையும் போட்டாள்.

நண்பர்களே, நம் வகுப்புகளில் நிரலாக்கம் மட்டுமல்ல, எந்தப் பாடத்திலும் குறுக்குவழி கண்டுபிடிக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இது எழுதி வைக்கப்பட்ட வழியா, தற்செயலாக நடக்கிற வழியா? இது நின்றுபோனால் யாருக்கு நட்டம்? இந்த வழியில் நீ போக வேண்டி வந்தது ஏன்? முதல் இரண்டு கேள்விகளும் பிள்ளைக்குப் பொறுப்பைக் கற்றுத்தரும். மூன்றாவது, நாம் எழுதிய விதியில் என்ன விடுபட்டிருக்கிறது என்பதை நமக்குச் சொல்லும்.