இருநூறு சாட்சிகள்



சிலுவையின் மேல் வைக்கப்பட்ட குற்ற அறிக்கையை நற்செய்தியாளர் நால்வரும் நான்கு விதமாக எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில் தாசியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் கோத்து ஒரே நூலாக்கினார். சிரியத் திருச்சபையில் அது சில காலம் வாசிக்கவும்பட்டது. ஆனாலும் திருச்சபை நான்கையும் நான்காகவே வைத்துக்கொண்டது. சாட்சிகள் வேறுபடும்போது என்ன செய்வது? கிரகோரியன் பாடல்களுக்கும் இந்தக் கேள்வி வந்தது.

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க் நகரில் அச்சான பாடல் நூலுக்கு உரோமையின் ஆதரவு இருந்தது. அது 1614-15-இல் வெளிவந்த பதிப்பைத் தழுவியது. ஓர் அசையின் மேல் நீண்டு செல்லும் இசை அதில் வெட்டிக் குறுக்கப்பட்டிருந்தது. பிரான்சில், சொலேம் மடத்து பெனடிக்டின் துறவிகளோ பழைய கையெழுத்துப் பிரதிகளிடம் போனார்கள். "அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையே, எதை நம்புவீர்கள்?" என்பதே எதிர்த்தரப்பின் கேள்வி.

நியாயமான கேள்விதான். சுவிட்சர்லாந்தின் புனித கால் மடத்திலும், பிரான்சின் லான் நகரிலும் எழுதப்பட்ட 10-ஆம் நூற்றாண்டுப் பிரதிகளில் கோடுகளே கிடையாது. குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறி சொல்லும்; எவ்வளவு என்று சொல்லாது. பாடகருக்கு மெட்டு மனப்பாடம், குறி நினைவூட்டலுக்கு மட்டுமே. நல்லவேளையாக 1847-இல் மோன்பெல்லியேவில் 11-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று கண்டறியப்பட்டது. அதில் குறிகளுடன், ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எழுத்தும் இருந்தது.

சொலேம் துறவி மொக்கெரோ வாதாடவில்லை, படம் பிடித்தார். 1889-இல் தொடங்கிய தம் வெளியீட்டில், நீதிமானைப் பேரீச்சைக்கு ஒப்பிடும் 92-ஆம் திருப்பாடலிலிருந்து எடுத்த ஒரே ஒரு பாடலை, 200-க்கும் மேற்பட்ட பிரதிகளிலிருந்து அச்சிட்டார். நாடுகள் வேறு, நூற்றாண்டுகள் வேறு. மெட்டின் உருவம் ஒன்றே.

இங்கே தலைகளை எண்ணினால் போதாது. ஒரே பிரதியைப் பார்த்து இருபது பேர் எழுதினால் அது ஒரே சாட்சிதான். பெனவெந்தோவும் லானும் புனித காலும் போல, தொலைவில் தனித்தனியே வளர்ந்த மரபுகள் ஒத்துச் சொல்வதற்கே எடை அதிகம்.

1903-இல் திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் பழைய இசையை மீட்கச் சொன்னார். அடுத்த ஆண்டு அமைந்த குழுவிலோ பிளவு. மிகப் பழைய பிரதிகளே அளவுகோல் என்றார் மொக்கெரோ. பாடிப் பாடித் திருச்சபை ஏற்றுக்கொண்ட பிற்கால மாற்றங்களுக்கும் இடம் உண்டு என்றார் தலைவர் பொத்தியே. அவரும் சொலேமில் துறவியானவர்தான், மொக்கெரோவுக்கு மூத்தவர்! திருத்தந்தை பொத்தியே பக்கம் நின்றார். 1908-இல் வத்திக்கான் திருப்பலிப் பாடல் நூல் வந்தது. சொலேம் மடத்தாரும் அந்த மெட்டுகளையே ஏற்று, தங்கள் தாளக் குறிகளைச் சேர்த்து அச்சிட்டார்கள்.

மூன்றாம் பண்ணில் திருப்பாடல் சொல்லும்போது குரல் நிலைத்து நிற்கும் சுரம் பழைய பிரதிகளில் 'டி'. பிந்தியவற்றில் அரைச்சுரம் ஏறி 'டோ'. வத்திக்கான் பதிப்பு 'டோ'வை வைத்தது. மொக்கெரோ 1930-இல் இறந்தார். 1934-இல் துறவிகளுக்காக சொலேம் தயாரித்த திருப்புகழ்மாலை இசைநூலில் 'டி' திரும்பி வந்தது.