பதினெட்டுக்கு முன் டாட்டூ வேண்டுமா?

(நலச்சங்கக் கூட்டத்தில் பேசியது)

குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிறோமே, அதைப் பற்றி நான் பேசவில்லை. அதற்குச் சட்டமும் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குத் தெரியாமல் குத்திக்கொள்ளும் டாட்டூதான் என் கவலை.

பிரிட்டனில் 1969லேயே, 18 வயது ஆகாதவருக்குப் பச்சை குத்தக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். பெற்றோர் சம்மதித்தாலும் கூடாது. நம் நாட்டில் இதற்கென்று தனி மத்தியச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது. அதனால் வங்கியில் மைனருக்குக் கடன் தர மாட்டோம். டாட்டூ கடையில் வயதை யார் கேட்கிறார்கள்?

திருச்சியில் நாக்கைப் பிளந்துவிட்ட டாட்டூ கடைக்கு 2024 டிசம்பரில் மாநகராட்சி சீல் வைத்தது; இருவர் கைதானார்கள். அதுவும் விஷயம் ஊரெல்லாம் பரவிய பிறகுதான்.

ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குப் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி, சி தொற்றலாம். குத்திக்கொண்டால் ஓராண்டு ரத்ததானம் செய்ய முடியாது. ராணுவத்தில் பொதுவாக முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிரந்தரப் பச்சைக்கு அனுமதி. கழுத்தில் குத்திக்கொண்ட பையன் ஆளெடுப்பில் என்ன செய்வான்?

கடை உரிமத்திலேயே 18 வயது நிபந்தனை சேர்க்கக் கோரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளுக்கு மனு தயாராக இருக்கிறது. செயலாளரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுச் செல்லுங்கள்.