பொறுத்தது போதும்

மாதவிலக்கு நாளில் லேசாக வயிறு வலிக்கும். இடுப்பு கடுக்கும். இது பலருக்கும் உண்டு. ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும்.

சில பெண்களுக்கு அப்படி இல்லை. சுருண்டு படுத்துவிடுகிறார்கள். களை எடுக்கப் போக முடியாது. கூலி போய்விடும். சிறுமி என்றால் பள்ளிக்கூடம் போக முடியாது. வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

“பொண்ணாப் பொறந்தா பொறுத்துக்கணும்.”

“கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்.”

“வேலைக்குப் பயந்து நடிக்கிறா.”

இது நடிப்பு அல்ல. நோயாக இருக்கலாம். அந்த நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ்.

கருப்பையின் உள்பக்கம் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது மாதாமாதம் தடிக்கும். பிறகு உதிர்ந்து இரத்தத்தோடு வெளியே வரும். அதுதான் மாதவிலக்கு. இந்த நோயில் அதே போன்ற படலம் கருப்பைக்கு வெளியேயும் வளர்கிறது. சினைப்பையில் வளரலாம். குடல் மேலும் வளரலாம். அங்கே கசியும் இரத்தத்துக்கு வெளியேற வழி இல்லை. அந்த இடம் வீங்கி ரணமாகிறது. அதனால்தான் வலி.

மலம் கழிக்கும்போது வலிக்கலாம். கணவனோடு சேரும்போது வலிக்கலாம். தீராத அசதி இருக்கலாம். சிலருக்குக் கரு தரிப்பது தாமதமாகலாம். அதற்காகப் பெண்ணைப் பழிப்பது அநியாயம்.

இது தொற்றுநோய் அல்ல. புற்றுநோயும் அல்ல. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனாலும் நோயைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. பெண்கள் வலியை வெளியே சொல்வதில்லை. சொன்னாலும் கேட்பார் இல்லை.

என்ன செய்யலாம்? நீங்கள் எழுதப் படிக்கக் கற்றவர்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தத் தேதியில் வலித்தது? எங்கே வலித்தது? எத்தனை நாள் வேலை கெட்டது? மூன்று மாதம் எழுதுங்கள். வலி தாங்க முடியாவிட்டால் காத்திருக்க வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் பெண்கள் நல மருத்துவரிடம் நோட்டைக் காட்டுங்கள். ஸ்கேனில் எல்லோருக்கும் இந்த நோய் தெரிந்துவிடாது. அதனால் உங்கள் குறிப்பு மருத்துவருக்கு உதவும்.

நோயை அடியோடு ஒழிக்க மருந்து இன்னும் இல்லை. ஆனால் மாத்திரைகளால் வலியைக் குறைக்கலாம். சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். யாராவது சொன்னார்கள் என்று அவசரப்பட்டுக் கருப்பையை எடுத்துவிட வேண்டாம். எடுத்த பிறகும் சிலருக்கு வலி தொடரும். மருத்துவரிடம் நன்றாகக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், “பொறுத்துக்கொள்” என்று சொல்லாதீர்கள். “எங்கே வலிக்கிறது?” என்று கேளுங்கள்.