தாதியர் கல்வி: தெரிவும் விண்ணப்பமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உயர்தரப் பரீட்சை முடிவு வந்ததும் உயிரியற் பிரிவிற் கற்ற பிள்ளைகளின் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே: "மெடிசின் கிடைக்குமோ?" கிடைக்காதெனத் தெரிந்தபின் அங்கே இழவுவீட்டு அமைதி. அதன் பின்னரே தாதியர் கல்வி நினைவுக்கு வருகின்றது, அதுவும் அரைமனத்தோடு.

அரசாங்க வழிகள் இரண்டு உள. ஒன்று, சுகாதார அமைச்சின் கீழுள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரி. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு முதலிய இடங்களில் இவை நடைபெறுகின்றன. பயிற்சி 3 ஆண்டு. பயிலுங் காலத்தில் மாதப்படி உண்டு. பின்னர் அரச சேவையில் இருப்பதாகப் பிணைமுறி எழுதிக் கொடுத்தல் வேண்டும். மற்றையது பல்கலைக்கழகம். யாழ்ப்பாணம், கிழக்கு, பேராதனை முதலியவற்றில் 4 ஆண்டிலே தாதியியற் பட்டம் பெறலாம். இதற்கு இசட் புள்ளியும், மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தில் நாம் எழுதும் தெரிவு வரிசையுமே கணக்கு. முதலிரண்டு தெரிவுகளை மூன்று நாள் யோசித்து எழுதிவிட்டு, மிகுதியைத் தேநீர் ஆறுவதற்குள் நிரப்பும் நண்பர்கள் பலரைக் கண்டிருக்கின்றோம். கிடைப்பதோ பெரும்பாலும் அந்த மிகுதியில் ஒன்று!

எது நன்று எனின், வீட்டு நிலையைப் பார்த்தே சொல்லுவோம். ஒருவரது உழைப்பையே நம்பிய குடும்பத்தின் மூத்த பிள்ளைக்கு முதலாவது வழியே ஏற்றது. பட்டத்தைச் சேவையில் இருந்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்திற் பெறலாம்.

இனி, விளம்பரத்தில் வரும் தனியார் வழி. அவற்றுள் நல்லனவும் உள. ஆனால் நாம் அறிந்த குடும்பமொன்று தாலிக்கொடியை அடகு வைத்து மகளைச் சேர்த்தது. சான்றிதழ் கைக்கு வந்த பின்னரே, அதைக்கொண்டு தாதியாகப் பதிவு பெற இயலாதென அறிந்தனர். கொடி இன்னும் மீளவில்லை. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தாதியர் பேரவை ஒன்று உண்டு. பணம் கட்டுமுன் அங்கே விசாரிக்க ஒரு நாட் பயணம் போதும்.

பெரியோர் சிலர், "இராவேலை, பிறர் உடம்பைத் தொடும் வேலை, கலியாணம் பேச வருவார்களோ?" என்கின்றனர். மிசன் பள்ளியிற் கற்ற நாம் பணிவோடு ஒன்று கேட்போம். 1898இல் இணுவிலிலே மகளிர்க்கும் குழந்தைகளுக்குமெனத் திறக்கப்பெற்ற மக்லியட் வைத்தியசாலைக்கு நம் பாட்டிமார் பிள்ளைப்பேற்றுக்குப் போனார்களே, அங்கே இரா முழுதும் விழித்திருந்தவள் யாரோ ஒருவரின் மகள் அல்லளோ? கட்டிலருகே வேண்டும் அவளை மருமகளாக மாத்திரம் வேண்டாமென்பது என்ன நியாயம்? தம்பிமாரே, நீங்களும் விண்ணப்பிக்கலாம். ஆண் தாதியரும் இத்தொழிலில் உளர்.

பயிற்சிக் கல்லூரிக்கான அறிவித்தல் வர்த்தமானியில் வெளிவரும். வயது, பாடங்கள், உடற்றகுதி ஆகியவற்றை அவ்வாண்டு அறிவித்தலிலேயே பாருங்கள். அக்காமார் சொன்ன பழைய கணக்கை நம்பவேண்டாம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றாயிருக்கின்றதா எனப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினும் கச்சேரிக்கு அலைய நேரிடும். அந்த அலைச்சலை முடிவுத் திகதிக்கு முந்திய வாரத்தில் வைத்துக்கொள்ளாமல், பரீட்சை எழுதிய கையோடு முடித்துவிடுங்கள். படிவம் நிரப்புவதில் ஐயமுள்ளோர் விடுமுறையில் எம்மிடம் வரலாம். பெற்றோரையும் அழைத்து வாருங்கள்.